மணலும் மனிதரும்: 1945 ஆகஸ்டின் பேரேட்டில் நாம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாக மேற்கே செல்பவர்கள் இன்று புளியறையில் மாநில எல்லையைச் சந்திக்கிறார்கள். சோதனைச்சாவடி, வரிசைகட்டி நிற்கும் சரக்கு லாரிகள், மலையேற்றத்தின் எஸ் வளைவு, அதற்கப்பால் ஆரியங்காவு. 1945-இல் எல்லை இங்கே இல்லை. செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷாரின் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டவை. புளியறைக்காரர் ஒருவர் சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனால், அவர் மகாராஜாவின் நாட்டை விட்டு மன்னர் ஆறாம் ஜார்ஜின் நாட்டுக்குள் போய்த் தலை நனைத்துத் திரும்பினார் என்று பொருள்.

இந்தப் பழைய எல்லைக்கோட்டை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய இரு நகரங்களின்மீது அணுகுண்டு வீசி ஜப்பானைச் சரணடையச் செய்த முடிவைப் பற்றி உலகம் எண்பது ஆண்டுகளாக விவாதித்து வருகிறது. அந்த விவாதத்தில் எப்போதும் இரண்டே பத்திகள் உள்ள ஒரு பேரேடுதான் விரிக்கப்படுகிறது. ஒரு பத்தியில், ஜப்பானியக் கரையில் இறங்கியிருந்தால் மாண்டிருக்கக்கூடிய அமெரிக்கச் சிப்பாய்கள். மறுபத்தியில், குண்டுகளால் மாண்ட ஜப்பானியக் குடிமக்கள். அந்தப் பேரேட்டில் தமிழர் எங்கே இருக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. போர் நம்முடையதல்ல என்பது போல, தூரத்து நாடுகள் இரண்டின் வழக்கைக் கேட்கும் திண்ணைப் பார்வையாளராகவே அமர்ந்திருக்கிறோம். ஆனால் 1945 ஆகஸ்டில், ஜப்பானிய ஆட்சியின் கீழ் மலேயாவிலும் சயாமிலும் சுமத்ராவிலும் லட்சக்கணக்கான தமிழர்கள் இருந்தார்கள். போர் எந்த நாளில் முடியும் என்பது அவர்களுக்கு உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. அதே காலத்தில், திருவிதாங்கூரின் கடற்கரை மணல் வாஷிங்டனில் சிலருடைய பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது. மணல் அந்தப் பேரேட்டில் இருந்தது. மனிதர்கள் இல்லை. இக்கட்டுரை இந்த இரண்டையும் பற்றியது.

முதலில் முடிவைப் பற்றி. ‘முடிவு’ என்ற சொல்லே இங்கே சற்றுச் சிக்கலானது. ட்ரூமன் ஒரு நாள் தன் அமைச்சர்களைக் கூட்டி, குண்டைப் போடலாமா வேண்டாமா என்று இருபுறமும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படியொரு கூட்டம் நிகழவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்து, ட்ரூமன் அதிபரானபோது, இத்திட்டத்தைப் பற்றிய முழு விவரம் அவருக்குத் தெரியாது. போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சனும் திட்டத்தின் தலைவரான ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸும் ஏப்ரல் 25 அன்றுதான் விளக்கினார்கள். அதற்குள் திட்டம் பல ஆண்டுகள் ஓடி, பெரும்பணம் விழுங்கி, தன் வேகத்திலேயே உருண்டுகொண்டிருந்தது. மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களில் கூடிய இடைக்காலக் குழு, முன்னெச்சரிக்கை இன்றி, தொழிலாளர் வீடுகள் சூழ்ந்த ஒரு போர்த்தொழிற்சாலையின்மீது குண்டைப் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தது. தொழிலாளர் வீடுகள் சூழ்ந்த என்ற அந்த அடைமொழியைக் கடந்துபோவது எனக்கு எளிதாக இல்லை. ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையிலான சிகாகோ விஞ்ஞானிகள், மக்கள் இல்லாத இடத்தில் வெடித்துக் காட்டலாம் என்று ஜூன் 11 தேதியிட்ட அறிக்கையில் கேட்டார்கள். லியோ சிலார்ட் ஜூலையில் கையெழுத்து திரட்டினார். இரண்டும் பயனளிக்கவில்லை. கியோட்டோவை மட்டும் ஸ்டிம்சன் பிடிவாதமாக இலக்குப் பட்டியலிலிருந்து நீக்கினார்; அது பழம்பெரும் கோயில் நகரம்.

ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலையில் சோதனை வெற்றி பெற்றது. ஜூலை 25 அன்று ஜெனரல் தாமஸ் ஹேண்டி, விமானப்படைத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸுக்கு அனுப்பிய ஆணைதான் நடைமுறையில் ‘முடிவு’. ஆகஸ்ட் 3-ஐ ஒட்டி, வானிலை இடம் கொடுத்ததும், ஹிரோஷிமா, கோகுரா, நீகாட்டா, நாகசாகி ஆகியவற்றுள் ஒன்றின்மீது முதல் குண்டை வீசலாம். அடுத்தடுத்த குண்டுகள் தயாராகத் தயாராக வீசலாம். இரண்டாம் குண்டுக்குத் தனியாக யாரும் முடிவெடுக்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று விமானம் கோகுராவுக்குத்தான் போனது. நகரம் கண்ணுக்குத் தெரியாதபடி மேகமும் புகையும் மூடியிருந்ததால் நாகசாகிக்குத் திரும்பியது. மூன்றாம் குண்டுக்குத் தன் அனுமதி வேண்டும் என்று ட்ரூமன் கட்டுப்பாடு விதித்தது ஆகஸ்ட் 10-இல்தான். 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் சுமார் 70,000 பேரும் மாண்டார்கள்.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு தேதி இந்தக் கதையில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அது ஜூலை 4. 1943-இல் கியூபெக்கில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மூன்றாம் நாட்டின்மீது அணுகுண்டைப் பயன்படுத்த இரு நாடுகளின் ஒப்புதலும் வேண்டும். பிரிட்டனின் ஒப்புதலை ஃபீல்டு மார்ஷல் வில்சன் அந்த ஜூலை 4 அன்று வாஷிங்டனில் நடந்த கூட்டுக்குழுக் கூட்டத்தில் தெரிவித்தார். அதே வாரங்களில், சிறையிலிருந்து விடுதலையான காங்கிரஸ் தலைவர்கள் சிம்லாவில் வைசிராய் வேவலின் மாநாட்டுக்காகக் கூடியிருந்தார்கள். வைசிராயின் நிர்வாகக் குழுவில் யாருக்கு எத்தனை இடம் என்பது அங்கே பேச்சு. அந்தப் போரில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களைத் தந்த நாடு இது. பிரிட்டனின் ஒப்புதலில் அதன் ஒப்புதலும் அடங்கியதாகவே கொள்ளப்பட்டது, ஒருவர்கூட அறிவிக்கப்படவில்லை.

*

இப்போது மலேயாவுக்கு வருவோம். ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் மூலமாகப் போன தமிழர்களின் வரலாற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை, நண்பர்கள் அறிந்ததே. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்ததும் ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போனது. தோட்டங்கள் மூடின, கூலி நின்றது, அரிசி வருவது குறைந்தது. மரவள்ளிக்கிழங்கு முக்கிய உணவாயிற்று. ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தது. அச்சிட அச்சிட அதன் மதிப்பு இறங்கியது.

அந்தப் பட்டினிச் சூழலில்தான் சயாம் ரயில்பாதைக்கு ஆள் எடுத்தார்கள். தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாத வேலை என்ற வாக்குறுதியுடன் தொடங்கியது, பின்னர் வெறும் ஆள்பிடிப்பாக மாறியது. இலவசப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிவைத்து, வந்தவர்களை வண்டியில் ஏற்றிய கதைகளைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மலேயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என ஆசியத் தொழிலாளர் அனைவரையும் சேர்த்தால் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்பது பொதுவான மதிப்பீடு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. ராணுவக் கைதிகளின் முகாம்களில் குறைந்தபட்சம் சில மருத்துவர்களும், கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடிக்கவேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் கொட்டகைகளில் இரண்டும் இல்லை. கணவனும் மனைவியும் குழந்தையுமாகப் போன குடும்பங்களும் அங்கே இருந்தன.

புளியறையில் வாழ்கிறவனுக்கு இந்தப் பாதையைக் கற்பனை செய்ய அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. செங்கோட்டையிலிருந்து பகவதிபுரம், ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் போகும் ரயில்பாதையும் இப்படித்தான் மழைக்காட்டையும் மலைச்சரிவையும் அறுத்துக்கொண்டு போகிறது. சுரங்கங்கள், பள்ளத்தாக்கைத் தாண்டும் கல்வளைவுப் பாலங்கள். 1904-இல் திறக்கப்பட்டது. மழை பிடித்தால் மலைப்பாதையில் மண் சரிவது இன்றும் நடக்கிறது. இதைப்போன்ற நிலத்தில், இதைவிடப் பலமடங்கு நீளமான பாதையை, பதினாறு மாதத்துக்குள், ஏறக்குறைய வெறும் கையாலேயே போடவைத்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

1943 அக்டோபரில் இருமுனைப் பாதைகளும் இணைந்தன. பொதுவாக நூல்களும் திரைப்படமும் அத்தோடு கதையை முடித்துவிடுகின்றன. டேவிட் லீனின் புகழ்பெற்ற 1957-ஆம் ஆண்டுப் படத்தில் தமிழர் இல்லை என்பதைப் பலர் குறித்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, பாதை முடிந்த பிறகும் தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை என்பது. எஞ்சினுக்கு விறகு வெட்டவும், மண் சரிந்த இடங்களைச் சரிசெய்யவும், நேச நாட்டு விமானங்கள் உடைத்த பாலங்களைத் திரும்பக் கட்டவும் ஆயிரக்கணக்கானோர் 1945 ஆகஸ்ட் வரை அந்த முகாம்களிலேயே இருந்தார்கள். மலேரியாவும் சீழ்ப்புண்ணும் அவர்களைத் தொடர்ந்து கொன்றன. போர் முடிந்த பிறகும் உடனே திரும்ப முடியவில்லை; பலர் 1946-இல்தான் மலேயா போய்ச் சேர்ந்தார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் இந்த மனிதர்களைப் பற்றியவை. தமிழ்நாட்டு வாசகர்கள் இவற்றை இன்னும் பரவலாகப் படிக்கவில்லை என்பது என் மனக்குறை. கஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக, பெரும்பாலும் பெயர் பொறித்து, பராமரிக்கப்படுகின்றன. தமிழருக்கு அங்கே ஒரு நடுகல் வந்தது 2023-இல்.

இவர்கள் மட்டுமல்ல. மலேயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் இன்னொரு கூட்டம். ப. சிங்காரத்தின் இரு நாவல்களையும் படித்தவர்களுக்கு அந்த உலகம் பழக்கமானது. 1945 ஆகஸ்டில் சுபாஷ் சந்திர போஸ் சிரம்பானில், அவர்களுடைய பயிற்சி முகாமைப் பார்வையிட வந்திருந்தார். சோவியத் ரஷ்யா ஜப்பான்மீது போர் தொடுத்த செய்தியும், அதையடுத்து ஜப்பான் சரணடையப்போகும் செய்தியும் அங்குதான் அவரை எட்டின. அவருடன் இருந்த எஸ். ஏ. ஐயர் பின்னர் அந்நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். போஸ் சிங்கப்பூருக்கு விரைந்து, ஆகஸ்ட் 16 அன்று அங்கிருந்து கிளம்பினார்.

மறுபுறம், மலேயாவை மீட்பதற்கான ‘ஜிப்பர்’ என்னும் படையெடுப்பு செப்டம்பர் 9-ஆம் தேதிக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. கரையிறங்க வேண்டியவை 23-ஆம், 25-ஆம் இந்திய டிவிஷன்கள். சரணடைவுக்குப் பின்னரும், குறித்த அதே நாளில் அவை சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் எதிர்ப்பின்றி இறங்கின. வாகனங்கள் சேற்றிலும் மணலிலும் சிக்கிக்கொண்டன. எதிர்ப்பு இருந்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று ராணுவ வரலாற்றாளர்கள் தலையசைத்து எழுதுவார்கள். ஜப்பானியத் துப்பாக்கிகள் ஒருபுறம். அவற்றின் பக்கத்தில் இந்திய தேசிய ராணுவத்தின் தமிழர்கள். எதிரே கரையேறும் படையில் இந்தியச் சிப்பாய்கள். நடுவே தோட்டங்களில் பட்டினி கிடந்த குடும்பங்கள். இது நடக்கவில்லை. நடக்காமல் போனதற்கு ஆகஸ்ட் 15 காரணம்.

*

ஆகவே, குண்டு நம்மவரைக் காப்பாற்றியது என்று சொல்லிவிடலாமா?

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ராபர்ட் நியூமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1995-இல் வெளியிட்ட நூலில், போர் நீடித்த ஒவ்வொரு மாதமும் ஜப்பானிய ஆக்கிரமிப்பில் இருந்த ஆசிய நாடுகளில் லட்சக்கணக்கானோர் மாண்டுகொண்டிருந்தார்கள், ஆகவே போரை விரைவில் முடித்தது அவர்களையும் காத்தது என்று வாதிட்டார். வாதத்தின் அடிப்படை உண்மையானது. வியட்நாமின் வடபகுதியில் மட்டும் 1944-45 பஞ்சத்தில் மாண்டவர்கள் நான்கு லட்சம் முதல் இருபது லட்சம் வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. சீனம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹிரோஷிமாவுக்காக வருந்துகிறவர்கள் இம்மக்களை நினைப்பதேயில்லை என்ற அவருடைய குற்றச்சாட்டிலும் நியாயம் இருக்கிறது. சயாம் முகாமில் ஆகஸ்ட் 15-க்குப் பின் உயிரோடு வெளியே வந்தவரிடம் போய், அந்த நாள் எப்படி வந்தது என்று அறநெறி பேசும் துணிவு எனக்கு இல்லை.

ஆனால் இது பின்னாளில் எழுதிச்சேர்த்த வரவு. 1945-இன் ஆவணங்களில் இந்த ஆசியர்கள் எடைபோடப்படவில்லை. ஜூன் 18 அன்று வெள்ளை மாளிகையில், கியூஷு தீவில் நவம்பர் 1 அன்று இறங்கும் திட்டத்தைப் பற்றிப் பேசியபோது, எண்ணப்பட்டவை அமெரிக்க உயிர்கள். முதல் முப்பது நாளின் இழப்பு, பிலிப்பைன்ஸின் லூசோன் போரில் ஏற்பட்ட 31,000-ஐ விஞ்சாது என்று ஜெனரல் மார்ஷல் அங்கே சொன்னார். கியூஷுவில் ஜப்பானியப் படைபலம் பன்மடங்கு கூடியிருப்பதை ஒற்றுச் செய்திகள் காட்டத் தொடங்கியது அதன் பிறகு. 1947 பிப்ரவரியில் ஸ்டிம்சன் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் முடிவை நியாயப்படுத்தி எழுதியபோது, அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ இருப்பார்கள் என்றார். அந்த எண்ணே பின்னர் பாடநூல்களில் ஏறியது. அக்கட்டுரை தூக்கிப் பிடித்த உயிர்களின் வரிசையில்கூட தோட்டத் தொழிலாளர் இடம்பெறவில்லை.

ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். உண்மையிலேயே அவர்களைக் கணக்கில் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு விலை உண்டு என்று கொண்டால், அந்த விலை ஆகஸ்ட் 6-இல் மட்டும் தொடங்க முடியாது. மே 28 அன்று, வெளியுறவுத் துறைப் பொறுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஜோசப் க்ரூ ட்ரூமனைச் சந்தித்தார். பத்தாண்டுகள் டோக்கியோவில் தூதராக இருந்தவர் அவர். பேரரசரின் பீடத்தை அகற்றமாட்டோம் என்று ஒரு சொல் சொன்னால் ஜப்பான் பணிவது எளிதாகும் என்றார். அது ஒத்திவைக்கப்பட்டது. போட்ஸ்டாம் மாநாட்டை, குண்டின் சோதனை முடியும் காலத்தை எண்ணி, ட்ரூமன் ஜூலை நடுப்பகுதிக்குத் தள்ளிவைத்தார். ஜூலை 12 முதல் டோக்கியோவுக்கும் மாஸ்கோவில் இருந்த ஜப்பானியத் தூதர் சாட்டோவுக்கும் இடையே ஓடிய தந்திகளை அமெரிக்கர் இடைமறித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நிபந்தனையற்ற சரணாகதி என்ற சொல்தான் சமாதானத்துக்குத் தடை என்று அமைச்சர் டோகோ அவற்றில் எழுதியிருந்தார். ஜூலை 26 அன்று வெளியான போட்ஸ்டாம் அறிக்கையில் பேரரசரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு என்ன நடந்தது? இரு நகரங்கள் எரிந்த பின், ஆகஸ்ட் 10 அன்று ஜப்பான் கேட்டது அந்த ஒரே நிபந்தனை. ஆகஸ்ட் 11 அன்று பைர்ன்ஸ் அனுப்பிய பதில் அதை வளைந்து நெளிந்து அனுமதித்தது. பேரரசர் தொடர்ந்து பீடத்தில் இருந்தார்.

க்ரூவின் யோசனையை மே மாதத்திலேயே ஏற்றிருந்தால் ஜப்பான் உடனே பணிந்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ரிச்சர்ட் ஃபிராங்க் 1999-இல் காட்டியபடி, ஜப்பானிய ராணுவத்தலைவர்கள் கேட்டது பேரரசரின் பீடம் மட்டுமல்ல. தங்கள் நாடு ஆக்கிரமிக்கப்படக்கூடாது, போர்க்குற்ற விசாரணையைத் தாங்களே நடத்தவேண்டும், ஆயுதத்தைத் தாங்களே களையவேண்டும் என்பதும் சேர்ந்தது. ஆகஸ்ட் 9 அன்று, நாகசாகிச் செய்தி வந்து சேர்ந்த கூட்டத்திலும் ஆறு பேரில் மூவர் அந்த நான்கு நிபந்தனைகளிலேயே நின்றார்கள். ஆனால் முயன்று பார்க்க ஒரு வழி இருந்தது. அதை முயலாமல் கழிந்த வாரங்களுக்கும் சயாமில் பிணம் விழுந்துகொண்டிருந்தது. ஆசியர் உயிரைக் காட்டிக் குண்டை நியாயப்படுத்துகிறவர்கள், அதே உயிர்களைக் காட்டி மே முதல் ஆகஸ்ட் வரை நடந்த காத்திருப்பையும் கேள்வி கேட்கவேண்டும். நான் படித்தவரையில் அவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

சரணடையச் செய்தது குண்டா, சோவியத் படையா என்ற பழைய வழக்கு இதோடு பின்னியது. ட்சுயோஷி ஹசெகாவா 2005-இல் எழுதிய நூல் சோவியத் பக்கம் எடையைச் சாய்த்தது. ஆகஸ்ட் 15 அன்று மக்களுக்கு ஒலிபரப்பான பேரரசரின் ஆணை, கொடிய புதிய குண்டைக் குறிப்பிடுகிறது. ஆகஸ்ட் 17 அன்று சிப்பாய்களுக்கு விடுத்த ஆணையோ சோவியத் நுழைவை மட்டும் சொல்கிறது, குண்டைச் சொல்லவில்லை. தோல்வியை விழுங்கவைக்க யாருக்கு எந்தக் காரணம் பயன்படும் என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனவே இவ்விரு ஆணைகளையும் சாட்சியாக நிறுத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இரண்டு அடிகளும் மூன்று நாளுக்குள் விழுந்தன. பிரித்து எடைபோட முடியாது என்பதே என் எண்ணம். சயாம் முகாமில் இருந்தவருக்கு அவ்வேறுபாடு எதையும் மாற்றியிருக்காது. அந்தப் படைகள் ஆணைக்குப் பணியுமா என்பதே ஐயமாக இருந்ததால், தென்பகுதித் தளபதிகளிடம் நேரில் சொல்ல இளவரசர் கானின்னை அனுப்பிவைத்தார்கள்.

இங்கே இன்னொரு இந்தியப் பெயரைச் சொல்லவேண்டும். டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் அமர்ந்த வங்காள நீதிபதி ராதாபினோத் பால், 1948-இல் தந்த மாறுபட்ட தீர்ப்பில், பசிபிக் போரில் கண்மூடித்தனமான மனிதக்கொலைக்கு நெருங்கிவரும் ஒன்று உண்டென்றால் அது அணுகுண்டு வீசிய முடிவே என்னும் பொருள்பட எழுதினார். காலனி நாட்டிலிருந்து வந்த ஒருவர், வென்றவர்களின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னது சாதாரணமல்ல. நம் பத்திரிகைகள் அதைப் பெருமையோடு திரும்பத்திரும்ப எழுதியிருக்கின்றன. ஆனால் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்கவேண்டும் என்பதும் அதே தீர்ப்பு. அத்தீர்ப்பாயம் விசாரித்த கொடுமைகளில் சயாம்-பர்மா ரயில்பாதையும் ஒன்று. ஹிரோஷிமாவைக் கண்ட இந்திய நீதிபதியின் அறச்சீற்றம் அந்த ரயில்பாதையின் ஓரத்தில் கிடந்த தமிழருக்கு எதையும் பெற்றுத்தரவில்லை. பாலின் நினைவுச்சின்னம் இன்றும் டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. சயாம் பாதையில் ஓடிய ஒரு ரயில் எஞ்சினும் அதே வளாகத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

*

மனிதரைச் சொன்னோம். இனி மணல்.

1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரின் தென்கோடியில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டு இருப்பதைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்நாளில் அதன் பயன் காஸ் விளக்கின் மேண்டில்களுக்கு மட்டுமே. மின்விளக்கு பரவியதும் அதற்கு மவுசு குறைந்தது. அணு பிளவுபட்டதும் கதை மாறியது. தோரியம் தானாக வெடிக்காது. உலையில் நியூட்ரான்களை ஏற்றால் அது யுரேனியம்-233 ஆக மாறும், அதற்குப் பிளவுபடும் தன்மை உண்டு என்பதைப் போர்க்காலத்திலேயே அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுவிட்டார்கள்.

1944 ஜூன் 13 அன்று ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கையெழுத்திட்டு, உலகத்து யுரேனியத்தையும் தோரியத்தையும் தங்கள் கைக்குள் கொண்டுவர ஒரு கூட்டு அறக்கட்டளையை நிறுவினார்கள். அதன் தலைவர், குண்டுத் திட்டத்தின் தலைவரான அதே குரோவ்ஸ். யுரேனியத்துக்கு முதன்மை ஊற்று பெல்ஜியத்தின் காலனியான காங்கோவின் ஷின்கொலோப்வே சுரங்கம். அங்கே மண்ணள்ளிய ஆப்பிரிக்கரின் பெயர்களும் எந்தப் பேரேட்டிலும் இல்லை. தோரியத்துக்குக் கண்ணில் பட்டவை பிரேசிலும் திருவிதாங்கூரும். பிரேசிலுடன் அமெரிக்கா 1945 ஜூலையிலேயே ரகசியமாக ஒப்பந்தம் செய்துகொண்டது. திருவிதாங்கூர் பிரிட்டனின் நிழலில் இருந்ததால், அது பிரிட்டனின் பங்கு என்று விடப்பட்டது. அக்காலத்தில், பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றதால், அதே திருவிதாங்கூர் மக்கள் ரேஷன் வரிசையில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஹிரோஷிமாவுக்குப் பின் அந்த மணலின் மதிப்பை முதலில் உணர்ந்தவர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர். மூளைக்கூர்மையில் அவருக்கு இணை சொல்வது கடினம். மோனசைட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரிட்டனுடன் பேரம் பேசலாம், தனிநாடாக நிற்கலாம் என்று அவர் கணக்கிட்டார். 1947 ஜூன் 11 அன்று, ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் சுதந்திர நாடாகும் என அறிவித்தார். அப்படி நடந்திருந்தால், குற்றாலத்துக்கும் புளியறைக்கும் நடுவே ஒரு சர்வதேச எல்லை இருந்திருக்கும். நேருவின் தரப்பு அந்த மணலை விட்டுக்கொடுக்கும் மனநிலையில் இல்லை. ஹோமி பாபாவும் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் திருவிதாங்கூருடன் அணுக்கனிமங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அதுவே. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் இசை விழா ஒன்றில் சி. பி. வெட்டப்பட்டார், உயிர் தப்பினார். ஜூலை 30 அன்று இந்தியாவுடன் இணைய இசைந்து மகாராஜாவின் தந்தி போனது. மணல் ஒரு சமஸ்தானத்தின் பேரத்துக்குப் பயன்பட்டு, பின்னர் ஒரு புதிய நாட்டின் அணுத்திட்டத்துக்குச் சொத்தாயிற்று. 1950-இல் இந்திய அரிய மணல் நிறுவனம் உருவானது. மணவாளக்குறிச்சி ஆலை இன்றும் நடக்கிறது. அந்தக் கடற்கரையில் மணல் எடுப்பதைப் பற்றி மீனவர்கள் எழுப்பும் கேள்விகளும் இன்னும் ஓயவில்லை.

செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதியும், மணவாளக்குறிச்சி அடங்கிய கல்குளம் தாலுகாவும் 1956 நவம்பர் 1 அன்று ஒரே ஆணையில் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதன் பின்னர்தான் எல்லைக்கோடு புளியறைக்கு மேற்கே மலைக்கு நகர்ந்தது.